டோக்கியோ ஒத்திகை, லண்டன் மேடை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஜப்பானிய நாடகக்காரர்களும் பிரிட்டிஷ் நாடகக்காரர்களும் சேர்ந்து வேலை செய்வதைப் பற்றி வந்த கடிதங்களில் எட்டை எடுத்துக்கொண்டோம். நாடகக் குழு நடத்துபவர்களும் அரங்கக் கலை மாணவர்களும் நிறையப் பேர் எழுதியிருப்பதால், செய்முறை கேட்டவர்களுக்குச் செய்முறையாகவே பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: நினகாவாவின் ‘மேக்பெத்’தை லண்டன் தலையில் வைத்துக் கொண்டாடியது என்று படித்தேன். செர்ரிப் பூவையும் சாமுராய் உடையையும் காட்டினால் மேல்நாட்டுக்காரர்களுக்குப் பிடிக்கத்தானே செய்யும்? இதில் பரிமாற்றம் எங்கே இருக்கிறது?
– மதுரை வாசகர்

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் தேதிகளைப் பாருங்கள். ஜப்பானிய இயக்குநர் யுகியோ நினகாவா (1935–2016) ஷேக்ஸ்பியரின் அந்த நாடகத்தை 1980இல் டோக்கியோவின் நிஸ்ஸே தியேட்டரில், டோக்கியோ மக்களுக்காகப் போட்டார். எடின்பரோ விழாவுக்கு அது போனது 1985இல். லண்டன் நேஷனல் தியேட்டருக்கு 1987இல். வெளிநாட்டில் விற்பதற்கென்று கட்டிய சரக்கு அல்ல அது.

மேடை முழுவதும் ஒரு பிரம்மாண்டமான ‘புட்சுதான்’. இறந்தவர்களின் பெயர்ப் பலகைகளை வைத்து வீட்டில் வணங்கும் பௌத்த மாடம்தான் புட்சுதான். தன் வீட்டு மாடத்தின் கதவைத் திறந்து, இறந்துபோனவர்களோடு மனதுக்குள் பேசிக்கொண்டிருந்தபோது இந்த யோசனை வந்ததாக நினகாவா சொல்லியிருக்கிறார். நாடகம் தொடங்கும்போது வயதான இரண்டு பெண்கள் பார்வையாளர்கள் நடுவிலிருந்து மேடைக்கு வருகிறார்கள். கும்பிட்டுவிட்டு மாடத்தின் பெரிய கதவுகளை இழுத்துத் திறக்கிறார்கள். பிறகு மேடையின் இரு ஓரங்களிலும் ஆளுக்கொருத்தியாக உட்கார்ந்துவிடுகிறார்கள். உள்ளே கொலை நடக்கும்போது இவர்கள் கொண்டுவந்த சாப்பாட்டைச் சாப்பிடுகிறார்கள், அழுகிறார்கள், பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். கதை முடிந்ததும் கதவு மூடப்படுகிறது.

இதனால் என்ன நடக்கிறது? மேக்பெத் எங்கோ ஸ்காட்லாந்தில் வாழ்ந்த ராஜாவாக இல்லாமல், ஜப்பானியப் பார்வையாளரின் சொந்த வீட்டில் இறந்தவர்களில் ஒருவனாக ஆகிவிடுகிறான். செர்ரி மலரும் ஜப்பானிய நினைவில் வெறும் அழகு கிடையாது; சாவு அதன் பக்கத்திலேயே நிற்கிறது. எதிரிப் படை கிளைகளால் தன்னை மறைத்துக்கொண்டு வர, பிர்னாம் காடே நகர்ந்து வருவதுபோல் தோன்றும் காட்சியில் வீரர்கள் தூக்கி வருவது செர்ரிக் கிளைகளைத்தான். பின்னணியில் ஒலிப்பதோ ஐரோப்பிய இசை: ஃபோரேயின் ‘ரெக்வியம்’. அமெரிக்கரான சாமுவேல் பார்பரின் ‘அடாஜியோ’வும் உண்டு. லண்டன் பார்வையாளருக்கு இசை பழக்கம், காட்சி புதிது. டோக்கியோ பார்வையாளருக்குக் காட்சி வீட்டுப் பழக்கம், கதை வெளியூர். இரண்டு ஊருக்கும் பாதி தெரிந்தது, பாதி தெரியாதது. அதனால்தான் இரண்டு ஊரிலும் நின்றது என்பது எங்கள் கருத்து. அவர் மறைவுக்குப் பின், 2017 அக்டோபரிலும் லண்டன் பார்பிகனில் அது மேடையேறியது.

நினகாவாவைத் திரும்பத் திரும்ப பிரிட்டனுக்கு அழைத்து வந்தவர் தயாரிப்பாளர் தெல்மா ஹோல்ட். எல்லா முயற்சியும் வெற்றி பெறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1999இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியோடு சேர்ந்து ‘கிங் லியர்’ போட்டார். நைஜல் ஹாத்தார்ன் லியர். விதூஷகனாக ஹிரோயுகி சனாடா, நடிகர்களில் அவர் ஒருவர்தான் ஜப்பானியர். புயல் காட்சியில் மேலிருந்து கற்கள் விழுந்தன. விமர்சகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். பிரிட்டிஷ் நடிகர் வரிக்கு வரி, சொல்லுக்குச் சொல் அர்த்தம் பேசி ஒத்திகை பார்த்துப் பழகியவர். நினகாவா படிமத்தாலும் ஒலியாலும் நாடகத்தைக் கட்டுபவர். நடிகர் வசனத்தில் புயலை உண்டாக்க முயலும்போது மேலிருந்து கல் விழுந்தால், இரண்டும் ஒன்றோடொன்று மோதும். அதே மனிதர் 2006இல் ஸ்ட்ராட்ஃபோர்டுக்குத் தன் ஜப்பானிய நடிகர்களோடு ‘டைட்டஸ் ஆண்ட்ரோனிகஸ்’ கொண்டுவந்தார். வெள்ளை மேடை, வெட்டுப்பட்ட இடங்களிலிருந்து தொங்கும் சிவப்பு நூல்கள். ஒரு சொட்டுத் திரவம் கிடையாது; அவ்வளவு ரத்தம் சிந்தும் நாடகத்தை யாரும் கண்ணை மூடாமல் பார்க்க முடிந்தது.

கேள்வி: ஜப்பானியரான ஹிடேகி நோடா ஆங்கிலத்திலேயே நாடகம் எழுதி, லண்டனில் போட்டு, அதில் நடிக்கவும் செய்தார் என்கிறார்களே, எப்படிச் சாத்தியம்?
– கொழும்பு வாசகி

பதில்: தனியாக எழுதவில்லை என்பதுதான் விடை. நோடா 1992இல் லண்டனுக்குப் போய்ப் பயின்றவர். திரும்பி வந்து 1993இல் ‘நோடா மேப்’ அமைப்பைத் தொடங்கினார். 2003இல் யங் விக் அரங்கில் அவர் போட்ட ‘ரெட் டீமன்’ ஜப்பானில் ஏற்கெனவே எழுதி வென்ற நாடகத்தின் ஆங்கில வடிவம். அதற்கு லண்டனில் வரவேற்பு குறைவு. அடுத்த முறை வேலை செய்யும் முறையையே மாற்றிக்கொண்டார்: லண்டன் நடிகர்களோடு பட்டறை வைத்து, ஐரிஷ் நாடகாசிரியர் காலின் டீவனோடு சேர்ந்து எழுதி, 2006இல் சோஹோ தியேட்டரில் ‘தி பீ’. யசுடாகா சுட்சுயியின் சிறுகதை ஒன்றுதான் மூலம்.

கதை கொடூரமானது. வேலை முடிந்து வீடு திரும்பும் குமாஸ்தா இடோ, தப்பியோடிய கைதி ஒருவன் தன் மனைவியையும் மகனையும் பிணையாகப் பிடித்து வைத்திருப்பதைக் காண்கிறான். கெஞ்சாமல், அந்தக் கைதியின் வீட்டுக்குப் போய் அவன் மனைவியையும் மகனையும் இவன் பிடித்துக்கொள்கிறான். வெட்டப்பட்ட விரல்கள் இரண்டு வீடுகளுக்கும் இடையே போய்வருகின்றன. மேடையில் விரல் வெட்டுவதை எப்படிக் காட்டுவது? ஒரு பென்சிலை எடுத்து ‘படக்’ என்று ஒடிக்கிறார்கள், அவ்வளவுதான். ஒலிபெருக்கி தேவையில்லாத சின்ன அரங்கில் அந்தச் சத்தம் கடைசி வரிசைவரை கேட்கும். முதல் பென்சிலுக்குச் சிரிப்பு வரலாம். நான்காவது பென்சிலுக்கு யாரும் சிரிப்பதில்லை.

லண்டனில் குமாஸ்தாவாக நடித்தவர் கேத்ரின் ஹன்டர் என்ற பெண். கைதியின் மனைவியாக நடித்தவர் நோடா என்ற ஆண். பாலையும் இனத்தையும் இப்படித் திருப்பிப் போட்டதால், ‘இது ஜப்பானியக் குடும்பக் கதை’ என்று பார்வையாளர் தூரமாக உட்கார்ந்து பார்க்க வழியில்லாமல் போயிற்று. 2007இல் டோக்கியோவில் ஜப்பானிய வடிவம் போட்டபோது நோடா குமாஸ்தாவானார், கைதியின் மனைவி நடசுகோ அகியாமா. இரண்டு வடிவமும் ஒன்றுக்கொன்று நகல் அல்ல. அடுத்து டீவனோடும் ஹன்டரோடும் ‘தி டைவர்’ (2008), பிறகு ஹன்டரோடு ‘ஒன் கிரீன் பாட்டில்’ (லண்டனில் 2018). ஒரே ஆட்களோடு பல ஆண்டுகள் தொடர்ந்ததில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு விழாவுக்குப் போய் நான்கு காட்சி நடத்திவிட்டு வருவதை நாங்கள் பரிமாற்றம் என்று எண்ணுவதில்லை.

கேள்வி: இயக்குநருக்கு ஜப்பானிய மொழி தெரியாது. நடிகர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. ஒத்திகை எப்படி நடக்கும்?
– புதுச்சேரி, நாடகத் துறை மாணவி

பதில்: டோக்கியோவில் இது புதிதல்ல. பிரிட்டிஷ் இயக்குநர் டேவிட் லெவோ 1993இல் ‘தியேட்டர் ப்ராஜெக்ட் டோக்கியோ’வின் கலை இயக்குநராகி, நூல் சாயப் பட்டறையாக இருந்த ‘பெனிசான் பிட்’ என்ற கட்டடத்தில் பல ஆண்டுகள் வேலை செய்தார். சைமன் மெக்பர்னியின் காம்ப்ளிசிட்டே குழு செட்டகயா பப்ளிக் தியேட்டரோடு சேர்ந்து ‘தி எலிஃபண்ட் வானிஷஸ்’ (2003), ‘ஷுன்கின்’ (2008) இரண்டையும் ஜப்பானிய மொழியிலேயே செய்தது.

எல்லாவற்றுக்கும் அச்சாணி மொழிபெயர்ப்பாளர். அவருக்குப் பிரதியை முதல் ஒத்திகைக்கு இரண்டு வாரம் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். இயக்குநர் இரண்டு மூன்று வாக்கியம் பேசியதும் நிறுத்த வேண்டும். ஐந்து நிமிடம் பேசிவிட்டு ‘சொல்லுங்கள்’ என்றால் பாதி கரைந்துவிடும். காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது இயக்குநர் காதில் மெதுவாகச் சொல்லலாம். குறிப்பு தரும் நேரத்தில் முழுக் குரலில், முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். நாள் முழுக்க ஒரே ஆள் என்றால் பிற்பகலில் தரம் விழும். இருவர் மாறி மாறிச் செய்வது நல்லது. எல்லாம் இரண்டு முறை பேசப்படுவதால், நான்கு வார ஒத்திகையை இரண்டரை வாரம் என்று கணக்கிட்டுத் திட்டம் போடுங்கள்.

அடிக்கடி வரும் சிக்கல் ஒன்று. ஜப்பானிய நடிகர் தலையசைத்தால் ‘காதில் விழுந்தது’ என்று பொருள். ‘ஒப்புக்கொண்டேன்’ என்று இயக்குநர் எடுத்துக்கொள்வார். மறுநாள் அதே இடம் பழையபடியே வரும். ‘புரிந்ததா?’ என்று கேட்பதில் பயனில்லை. ‘இப்போது செய்து காட்டுங்கள்’ என்பதே சரியான கேள்வி.

நீண்ட காலம் சேர்ந்து வேலை செய்தால் மொழிபெயர்ப்பவரே படைப்பாளியாகிவிடுவார். ஜப்பானிய அனிமேஷன் படமான ‘ஸ்பிரிட்டட் அவே’யை மேடைக்காகத் தழுவியவர்களாக இருவர் பெயர் இருக்கிறது: இயக்குநர் ஜான் கெய்ர்டு, அவருடைய மொழிபெயர்ப்பாளர் மாவோகோ இமாய். அந்த இரண்டாவது பெயரைப் பலரும் கவனிப்பதில்லை.

கேள்வி: எங்கள் குழு ஒரு பிறமொழி நாடகத்துக்கு மேடை சப்டைட்டில் போடப்போகிறது. ஜப்பானிய நாடகங்களுக்கு லண்டனில் எப்படிச் செய்கிறார்கள்? எங்களுக்குப் படிப்படியாகச் சொல்லுங்கள்.
– கோவை நாடகக் குழு

பதில்: சினிமா சப்டைட்டிலை மறந்துவிடுங்கள். நடிகர் தினமும் ஒரே வேகத்தில் பேசமாட்டார். அதனால் நேரம் குறித்துத் தானாக ஓடவிடக் கூடாது. ஒரு ஆள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். அந்த ஆளுக்கு மேடையில் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் முழு மொழிபெயர்ப்பு. பிறகு அதை மூன்றில் இரண்டு பங்காகக் குறையுங்கள். மேடையையும் பார்த்துக்கொண்டு வாசிக்கும் கண், பேசும் வாயைவிடப் பின்தங்கும். ஒரு ஸ்லைடில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். ஆங்கிலத்தில் வரிக்கு 35 முதல் 40 எழுத்துகள். தமிழ் எழுத்து அகலமானது, 25 முதல் 30 போதும். எவ்வளவு சின்ன வசனமானாலும் இரண்டு நொடி நிற்க வேண்டும். கறுப்புப் பின்னணி, எழுத்து கூசும் வெள்ளையாக இல்லாமல் சற்று மங்கலாக. மௌனம் வரும் இடங்களில் வெற்று ஸ்லைடு வைக்காவிட்டால் பழைய வசனம் தொங்கிக்கொண்டே இருக்கும். முழு இருட்டுக் காட்சிகளில் ப்ரொஜெக்டரின் ‘கறுப்பு’ கூட வெளிச்சமாகத் தெரியும்; லென்ஸுக்கு முன்னால் மூடி வையுங்கள். வசனம் நிறைந்த இரண்டு மணி நேர நாடகம் ஆயிரம் ஸ்லைடை எளிதாகத் தாண்டும். எனவே எண் போட்டு, பிரதியின் ஓரத்திலும் அதே எண்ணை எழுதுங்கள். நடிகர் ஒரு பக்கத்தைத் தாவிவிட்டால் எண்ணை அடித்து நேராக அங்கே போக முடிய வேண்டும். முழு ஓட்ட ஒத்திகை குறைந்தது இரண்டில் ஆபரேட்டர் உட்கார வேண்டும்.

ஜப்பானிய மொழிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு, அது நமக்கு உடனே புரியும். வினையும் மறுப்பும் வாக்கியத்தின் கடைசியில் வருகின்றன. ‘அரசனைக் கொன்றவன் நான்…’ என்று நடிகர் இழுத்து நிறுத்தி, பிறகு ‘அல்ல’ என்கிறார் என்று வையுங்கள். ஆங்கில சப்டைட்டில் அந்த ‘அல்ல’வை முன்னாலேயே காட்டிவிடும், நடிகர் வாய் திறக்கும் முன் அரங்கம் விடையைப் படித்துவிடும். தீர்வு, வாக்கியத்தை இரண்டு ஸ்லைடாக உடைத்து, திருப்பத்தை இரண்டாவதில் வைப்பது. தமிழில் போடுபவருக்குப் பெரும்பாலும் வரிசையை மாற்றவே தேவையிருக்காது. நகைச்சுவை வரிக்கும் கொலை வரிக்கும் இந்த விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்.

கேள்வி: ‘டொட்டொரோ’ நாடகத்தில் வருவது ஜப்பானிய பொம்மலாட்டமா, பிரிட்டிஷ் பொம்மலாட்டமா?
– திருச்சி வாசகி

பதில்: இரண்டும் கலந்தது, இடையில் அமெரிக்காவும் வருகிறது. அதே பெயருள்ள ஜப்பானிய அனிமேஷன் படத்தின் மேடை வடிவமான ‘மை நெய்பர் டொட்டொரோ’வை 2022 அக்டோபரில் பார்பிகனில் போட்டது ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி, இசையமைப்பாளர் ஜோ ஹிசாயிஷி நிர்வாகத் தயாரிப்பாளர், இயக்கம் ஃபெலிம் மெக்டெர்மட், பொம்மை வடிவமைப்பு பேசில் ட்விஸ்ட் என்ற அமெரிக்கர். 2023இல் லண்டன் நாடக உலகின் ஒலிவியே விருதுகள் ஆறு கிடைத்தன. எதிர்த்திசையில் வந்தது ‘ஸ்பிரிட்டட் அவே’: 2022இல் டோக்கியோ இம்பீரியல் தியேட்டரில் டோஹோ நிறுவனம் தயாரித்தது, இயக்கம் கெய்ர்டு, பொம்மைகள் டோபி ஓலியே. 2024 ஏப்ரல் 30 முதல் ஆகஸ்ட் 24 வரை லண்டன் கொலிசியத்தில் ஜப்பானிய மொழியிலேயே நடந்தது.

இரண்டுக்கும் பின்னால் ஜப்பானிய மரபுப் பொம்மலாட்டமான ‘புன்ராகு’ இருக்கிறது. அதில் ஒரு பொம்மைக்கு மூன்று பேர்: தலைவர் தலையையும் வலது கையையும், இரண்டாமவர் இடது கையையும், மூன்றாமவர் கால்களையும் இயக்குவார்கள். ஆட்டுபவர்கள் மறைவதில்லை, கண்முன்னே நிற்கிறார்கள். ‘ஷுன்கின்’ இதை ஒரு படி மேலே கொண்டுபோனது. கண் தெரியாத நாயகி சிறுமியாக இருக்கையில் பொம்மை. பிறகு பொம்மை போல முகமூடி அணிந்த ஒரு பெண். கடைசியில் அதுவரை பொம்மைக்குக் குரல் கொடுத்துவந்த நடிகை எரி ஃபுகாட்சுவே நாயகி ஆகிறார்.

இதை வீட்டிலேயே பழகலாம். பிரிட்டிஷ் பொம்மலாட்டப் பட்டறைகளில் முதல் நாள் செய்யும் பயிற்சி இது. இரண்டு மீட்டர் நீளப் பழுப்புப் பார்சல் தாளைக் கசக்கி மென்மையாக்கி, தலை அளவுக்கு உருட்டி, கழுத்தில் டேப் சுற்றுங்கள். மீதியை உடலாக முறுக்கி இடுப்பில் ஒரு சுற்று. தனித் தாள்களில் கையும் காலும். முகம் வரைய வேண்டாம். மூன்று பேர் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிடம் பொம்மை நடக்கக் கூடாது, மூச்சு மட்டும் விட வேண்டும். தலைவர் மூக்கால் கேட்கும்படி மூச்சை இழுப்பார். அப்போது மார்பு ஒரு விரற்கடை உயர வேண்டும், மற்ற இருவரும் அந்த ஒலியைக் கேட்டே சேர்ந்து உயர வேண்டும். எந்த அசைவுக்கும் முன்னால் இந்த மூச்சு வரும். அதுதான் மூவருக்குமான சைகை, பேச்சுக் கூடாது.

தவறுகள் வழக்கமாக மூன்று. பாதம் தரையைத் தொடாமல் பொம்மை மிதக்கும். காலைப் பிடிப்பவர் முட்டி போட்டால் சரியாகும். தலைவர் பார்வையாளரைப் பார்ப்பார். ஆட்டுபவரின் கண் பொம்மையின் பின்தலையிலேயே இருக்க வேண்டும், அப்போதுதான் அரங்கமும் பொம்மையைப் பார்க்கும். மூன்றாவது, பொம்மை பேசும்போது சொல்லின் ஒவ்வொரு அசைக்கும் தலையை ஆட்டுவது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு அசைவு போதும்.

கேள்வி: பிரிட்டிஷ் மேடையில் ஜப்பானியப் பாத்திரங்களில் யார் நடிக்கிறார்கள்?
– லண்டன் வாசகர்

பதில்: நீண்ட காலம் வெள்ளையர்கள்தான், கண்ணோரம் மை தீட்டிக்கொண்டு. ஜப்பானில் நடப்பதாக எழுதிய பழைய ஆங்கில இசை நாடகமான ‘தி மிகாடோ’வின் மரபு அது. திருப்பம் வந்தது 2012இல், ஒரு சீன நாடகத்தால்: ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியின் ‘தி ஆர்ஃபன் ஆஃப் ஜாவ்’வில் 17 நடிகர்களில் 3 பேர் மட்டுமே கிழக்காசிய வம்சாவளியினர். பிரிட்டனில் வாழும் கிழக்காசிய நடிகர்கள் வெளிப்படையாக எதிர்த்தார்கள். பத்து ஆண்டு கழித்து அதே கம்பெனி ‘டொட்டொரோ’வைக் கிழக்கு, தென்கிழக்கு ஆசிய வம்சாவளி நடிகர்களை மையமாக வைத்துப் போட்டது. அந்த எதிர்ப்பு இல்லாவிட்டால் இது நடந்திருக்கும் என்று நாங்கள் நம்பவில்லை. இருந்தாலும் கவனியுங்கள்: பிரிட்டனில் பிறந்த சீன, மலேசிய, பிலிப்பைன்ஸ் வம்சாவளி நடிகருக்கு ஜப்பானிய வீட்டுப் பழக்கம் பிறவியில் வந்துவிடாது. ததாமி பாயில் உட்காருவது, செருப்பைத் திருப்பி வைப்பது, வணங்கும் கோணம் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்க ஜப்பானிய ஆலோசகர் ஒத்திகையின் முதல் வாரத்திலேயே வேண்டும். கடைசி வாரத்தில் திருத்தினால் நடிகரின் உடல் ஏற்காது.

கேள்வி: செட், விளக்கு, ஆட்கள் எல்லாம் ஜப்பானுக்கும் பிரிட்டனுக்கும் இடையே போகும்போது எங்கே இடிக்கும்?
– சென்னை, மேடை விளக்குக் கலைஞர்

பதில்: சுருக்கமாகச் சொல்கிறோம். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், பிரிட்டனில் 230. விளக்குகளைப் பெரும்பாலும் அந்தந்த ஊரில் வாடகைக்கு எடுப்பார்கள். பிரிட்டிஷ் அரங்குகளின் 15 ஆம்பியர் உருண்டை முள் ப்ளக் நம் வீட்டு கீசர் ப்ளக்கின் உறவுதான். டோக்கியோ 50 ஹெர்ட்ஸ், ஒசாகா 60. நேரடி மின்னில் ஓடும் மோட்டாரை டோக்கியோவில் சரிபார்த்துவிட்டு ஒசாகா போனால் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுழலும்.

ஜப்பானிய மேடைப் பலகை 3 ஷாகுவுக்கு 6 ஷாகு (ஷாகு ஜப்பானிய அடிக்கணக்கு), அதாவது 91 × 182 செ.மீ.; பிரிட்டிஷ் பலகை 8 அடிக்கு 4 அடி, 244 × 122 செ.மீ. இரண்டையும் ஒட்டினால் இடைவெளி விழும். பிரிட்டிஷ்காரர் இடம் வலத்தை நடிகர் பக்கமிருந்து சொல்வார். ஜப்பானியரின் ‘கமிடே’ பார்வையாளருக்கு வலப்பக்கம், அதாவது நடிகருக்கு இடப்பக்கம். மொழிபெயர்ப்பாளர் அவசரத்தில் ‘வலது’ என்று சொன்னால் கதவு எதிர்ப்பக்கத்தில் போய் நிற்கும். எல்லா வரைபடத்திலும் கமிடே, ஷிமோடே என்றே எழுதிவிடுவது பாதுகாப்பு.

பிரிட்டனில் ஒருவர் பிரதியோடு உட்கார்ந்து எல்லா மாற்றங்களுக்கும் ஆணை கொடுப்பார். சிவப்பு விளக்கு எரிந்தால் ‘தயார்’, பச்சை எரிந்தால் ‘செய்’. ஜப்பானில் ஆபரேட்டர் நடிகரின் மூச்சைப் பார்த்துத் தானே தட்டுவது பரவலான பழக்கம். இரண்டு குழு கலந்தால் எது என்று தொழில்நுட்ப ஒத்திகைக்கு முன்பே முடிவு செய்யாவிட்டால் ஒரே மாற்றம் இரண்டு முறை நடக்கும். பிரிட்டனில் இரண்டு வேலை நாட்களுக்கு இடையே 11 மணி நேர ஓய்வு சட்டம். நள்ளிரவு வரை இழுத்தால் காலை 11க்குத்தான் கூப்பிட முடியும்.

தற்காலிகமாகப் போகும் செட்டுக்கு, சுங்க வரி கட்டாமல் கொண்டுபோய்த் திரும்ப உதவும் ‘ஏடிஏ கார்னெட்’ ஆவணம் எடுக்கலாம், ஓராண்டு செல்லும். தூவித் தீர்ந்துபோகும் காகிதப் பூ அதில் சேராது. கார்னெட்டில் போனது எல்லாம் திரும்பி வந்தாக வேண்டும். ஷாமிசென் என்ற ஜப்பானிய நரம்புக் கருவியை வாசிக்கும் கலைஞர் யானைத் தந்தக் கட்டையால் மீட்டுபவரா என்றும் முன்கூட்டியே கேளுங்கள். எல்லையில் அது பறிபோகலாம், மரக் கட்டையோ பிளாஸ்டிக் கட்டையோ கொண்டுபோவதே நல்லது.

கேள்வி: இங்கிருந்தபடி எவற்றைப் பார்க்கலாம்?
– திருநெல்வேலி வாசகி

பதில்: ஜப்பான் ஃபவுண்டேஷனின் ‘ஸ்டேஜ் பியாண்ட் பார்டர்ஸ்’ தொடர் யூடியூபில் இலவசமாக, பல மொழி சப்டைட்டிலோடு கிடைக்கிறது, சமகால ஜப்பானிய நாடகத்துக்கு அதுவே முதல் வாசல். ஷேக்ஸ்பியர் மட்டும் வேண்டுமென்றால் ‘ஏஷியன் ஷேக்ஸ்பியர் இன்டர்கல்ச்சுரல் ஆர்கைவ்’ தளத்தில் ஜப்பானிய மேடையேற்றங்கள் பிரதியோடு உள்ளன. டோக்கியோ போக வாய்ப்பிருந்தால் வசேடா பல்கலைக்கழக நாடக அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். ஷேக்ஸ்பியர் முழுவதையும் ஜப்பானியத்தில் தந்த ஷோயோ சுபோஉச்சியைச் சிறப்பித்து 1928இல் கட்டியது. அதன் முகப்பு, எலிசபெத் காலத்து லண்டனின் ஃபார்ச்சூன் அரங்கைப் பார்த்து வடிவமைத்தது.